நேர்முகத் தேர்வில் தோற்றச் சார்பு

நேர்முகத் தேர்வில் தோற்றச் சார்பு என்பது, வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் முக அமைப்பு, உயரம், உடல் எடை, தோல் நிறம், தழும்பு, தலைமுடி போன்ற புறத்தோற்றக் கூறுகள், அவ்வேலையைச் செய்யும் திறனுடன் தொடர்பற்றவையாக இருந்தும், தேர்வாளரின் மதிப்பீட்டை உயர்த்துவதையோ தாழ்த்துவதையோ குறிக்கும். இது தோற்றப் பாகுபாடு எனப்படும் பரந்த சமூகச் சிக்கலின் ஒரு வகை ஆகும். பெரும்பாலான வேளைகளில் தேர்வாளர் இதை அறிந்தே செய்வதில்லை. தாம் திறமையை மட்டுமே மதிப்பிட்டதாக அவர் உண்மையாகவே நம்பக்கூடும்.

எழுத்துத் தேர்வில் திருத்துநர் விடைத்தாளை மட்டுமே பார்க்கிறார். நேர்முகத் தேர்வில் அவர் மனிதரைப் பார்க்கிறார். இந்த வேறுபாடே நேர்முகத் தேர்வின் பயனுக்கும் அதன் குறைபாட்டிற்கும் காரணமாக உள்ளது. இச்சார்பு குறித்து உளவியல், பொருளியல், சட்டவியல் ஆகிய துறைகளில் 1970களில் இருந்து பல ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. தேர்வாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்புவதைவிடத் தேர்வு நடத்தப்படும் முறையை மாற்றுவதே இச்சார்பைக் குறைக்கும் என்பது இவ்வாய்வுகளில் இருந்து பெறப்படும் முக்கியமான முடிவு ஆகும்.

வரையறை

தோற்றத்தைக் கருத்தில் கொள்ளும் ஒவ்வொரு தேர்வும் பாகுபாடு ஆகிவிடாது. பொதுவாக மூன்று நிலைகள் வேறுபடுத்தி அறியப்படுகின்றன.

முதலாவது, தோற்றமே வேலையின் பகுதியாக அமைவது. திரைப்படத்தில் ஒரு குறிப்பிட்ட கதைமாந்தருக்கு நடிகரைத் தேர்ந்தெடுப்பது இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

இரண்டாவது, வேலைக்குத் தேவை எனக் கருதப்படும் உடல் அளவுகளை முன்கூட்டியே அறிவித்து, எல்லோரையும் ஒரே முறையில் அளப்பது. காவல்துறை, படைத்துறை ஆகியவற்றுக்கான ஆட்சேர்ப்பில் உயரம் அளக்கப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது. எனினும் அறிவிக்கப்பட்ட அளவு என்பதாலேயே அது நியாயமானதாகிவிடாது. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் பணிக்குக் குறைந்தது 5 அடி 2 அங்குல உயரமும் 120 இறாத்தல் எடையும் தேவை என விதி இருந்தது. நாட்டின் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு மேற்பட்டோரையும் ஆண்களில் 1 விழுக்காட்டினருக்கும் குறைவானோரையும் இவ்விதி விலக்கியது. பணிக்கு உடல் வலிமை தேவை என்றால் வலிமையையே நேரடியாகச் சோதிக்கலாம் என்று கூறி, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டு இவ்விதியை ஏற்க மறுத்தது.

மூன்றாவது, கணக்காளர், ஆசிரியர், நிரலாளர், விற்பனையாளர் போன்ற பணிகளுக்கு, எங்கும் அறிவிக்கப்படாமலும் அளக்கப்படாமலும் தோற்றம் மதிப்பெண்ணில் கலந்துவிடுவது. இக்கட்டுரை இம்மூன்றாம் நிலையைப் பற்றியதாகும்.

உடை, தூய்மை போன்றவை ஓரளவு விண்ணப்பதாரரின் விருப்பத்திற்கு உட்பட்டவை. முக அமைப்பு, உயரம், நிறம், பிறவி மச்சம் ஆகியவை அவ்வாறு அல்ல. ஆனால் இவ்வேறுபாடும் முழுமையானது அன்று. தரமான உடை வாங்குவதற்குப் பணம் தேவைப்படுவதால், உடையைக் கொண்டு மதிப்பிடுவது மறைமுகமாக வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுவதாகவும் அமையலாம்.

சார்பு செயல்படும் விதம்

ஒளிவட்ட விளைவு

ஒருவரிடம் காணப்படும் ஒரு நல்ல பண்பு, அவருடைய ஏனைய பண்புகளும் நல்லவை என்ற எண்ணத்தை ஏற்படுத்துவது ஒளிவட்ட விளைவு எனப்படும். இதனை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக் 1920ஆம் ஆண்டு விளக்கினார். படை அதிகாரிகள் தமக்குக் கீழ் உள்ளோரின் உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பு வழங்குமாறு கேட்கப்பட்டனர். ஆனால் அவர்கள் வழங்கிய மதிப்புகள் ஒன்றோடொன்று இயல்புக்கு மீறி ஒத்துப்போயின. உடற்கட்டில் உயர்ந்த மதிப்புப் பெற்றவர் அறிவிலும் ஒழுக்கத்திலும் உயர்ந்த மதிப்பைப் பெற்றார். இதற்கு எதிராக, ஒரு குறை மற்ற எல்லாவற்றையும் தாழ்த்திக் காட்டுவதும் உண்டு.

கேரன் டையன், எலன் பெர்ஷீட், இலெய்ன் வால்ஸ்டர் ஆகியோர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தோற்றத்துடன் நேரடியாகத் தொடர்புபடுத்தியது. முகப்படங்களை மட்டும் பார்த்த மாணவர்கள், அழகானவர்களாகக் கருதப்பட்டோர் நல்ல குணமும் உயர்ந்த பணிநிலையும் மகிழ்ச்சியான மணவாழ்வும் உடையவர்களாக இருப்பர் என ஊகித்தனர். நல்ல பெற்றோராக இருப்பர் என்று மட்டும் அவர்கள் ஊகிக்கவில்லை.

முதற்பதிவு

பிரின்சுடன் பல்கலைக்கழகத்தின் ஜெனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தவர்களும், அவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்பன குறித்து ஒரு முடிவுக்கு வந்தனர். கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டபோது அம்முடிவுகள் பெரிதும் மாறவில்லை. அவற்றின் மீதான நம்பிக்கையே கூடியது. இதன்படி, அறைக்குள் நுழையும் விண்ணப்பதாரர் முதல் வினாவுக்கு விடையளிக்கும் முன்னரே அவரைப் பற்றிய ஒரு மதிப்பீடு உருவாகிவிடுகிறது எனலாம். அதன்பின் கேட்கப்படும் வினாக்கள் அம்மதிப்பீட்டைச் சோதிப்பதற்கு மாறாக, அதனை உறுதிப்படுத்தும் வகையில் அமைந்துவிடும் ஆபத்து உண்டு.

கவனச் சிதறல்

யுவான் மடேரா, மிஷெல் ஹெபிள் ஆகியோர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தழும்பு அல்லது மச்சம் உடைய விண்ணப்பதாரர் எவ்வாறு பாதிக்கப்படுகிறார் என்பதை விளக்குகிறது. முதற்பகுதியில் 171 பேர், கணினித் திரையில் ஒரு விண்ணப்பதாரரின் நேர்முகத்தைப் பார்த்தனர். அவர்களின் கண் அசைவுகள் கருவி மூலம் பதிவு செய்யப்பட்டன. விண்ணப்பதாரரின் முகத்தில் அடையாளம் இருந்தபோது பார்வை அடிக்கடி அவ்விடத்திற்குச் சென்றது. அவ்வாறு பார்வை சென்ற அளவுக்கு, விண்ணப்பதாரர் கூறிய செய்திகள் நினைவில் நிற்கவில்லை. நினைவில் நின்றவை குறைந்ததால் மதிப்பெண்ணும் குறைந்தது. இரண்டாம் பகுதியில், பணி அனுபவம் உள்ள 38 மேலாளர்கள் நேருக்கு நேர் நடத்திய நேர்முகங்களிலும் இதே முடிவு கிடைத்தது.

விண்ணப்பதாரர் நன்றாகவே விடையளிக்கிறார். தேர்வாளருக்கும் அவர் மீது வெறுப்பு இல்லை. ஆயினும் சொல்லப்பட்டது தேர்வாளரின் காதில் முழுமையாக விழுவதில்லை என்பதே இவ்வாய்வின் சிறப்பான கண்டுபிடிப்பு ஆகும்.

தேர்வாளரின் நடத்தை

சார்பு, தேர்வாளரின் மனத்தில் மட்டும் தங்குவதில்லை. அது விண்ணப்பதாரரின் செயற்பாட்டையும் மாற்றுகிறது. கார்ல் வேர்டு, மார்க் சன்னா, ஜோயல் கூப்பர் ஆகியோர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தோல் நிறத்தைக் கொண்டு இதனைக் காட்டியது. வெள்ளையினத் தேர்வாளர்கள், கருப்பின விண்ணப்பதாரர்களிடம் இருந்து சற்றுத் தள்ளி அமர்ந்தனர். பேச்சில் கூடுதலாகத் தடுமாறினர். நேர்முகத்தையும் விரைவில் முடித்தனர். ஆய்வின் அடுத்த பகுதியில், பயிற்சி பெற்ற தேர்வாளர்கள் வெள்ளையின விண்ணப்பதாரர்கள் சிலரிடமும் அதே முறையில் நடந்துகொண்டனர். அவ்வாறு நடத்தப்பட்டவர்கள், இயல்பாக நடத்தப்பட்டவர்களைவிடப் பதற்றத்துடனும் குறைந்த தரத்துடனும் விடையளித்தனர். இந்நிலையில், "அவர் சரியாக விடையளிக்கவில்லை" என்னும் தேர்வாளரின் குறிப்பு உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்கான காரணத்தில் தேர்வாளருக்கும் பங்கு உண்டு.

கள ஆய்வுகள்

ஆய்வுகூடத்தில் மாணவர்களைக் கொண்டு நடத்தப்படும் சோதனைகள் உண்மையான ஆட்சேர்ப்பைப் பிரதிபலிக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. இதனால் சில ஆய்வாளர்கள், தகுதியில் ஒத்த கற்பனை விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பி, எவற்றுக்கு நேர்முக அழைப்பு வருகிறது எனக் கணக்கிட்டனர்.

சுவீடனில் டான் ஓலோஃப் ரூத் நடத்திய ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளியானது. இதில் ஒரே முகத்தின் ஒளிப்படம் கணினி மூலம் பருத்த தோற்றமுடையதாக மாற்றப்பட்டு விண்ணப்பங்களுடன் இணைக்கப்பட்டது. பருத்த தோற்றமுடைய படம் இணைக்கப்பட்டபோது, நேர்முக அழைப்பு கிடைக்கும் வீதம் ஆண்களுக்கு 6 விழுக்காட்டுப் புள்ளிகளும், பெண்களுக்கு 8 விழுக்காட்டுப் புள்ளிகளும் குறைந்தது.

இசுரேலில் பிராட்லி ரஃபிள், சேயெவ் ஷ்டுடினர் ஆகியோர் விளம்பரப்படுத்தப்பட்ட 2656 பணியிடங்களுக்கு 5312 விண்ணப்பங்களை இணை இணையாக அனுப்பினர். ஒவ்வோர் இணையிலும் ஒன்று படமில்லாதது. மற்றையது அழகான அல்லது அழகற்ற தோற்றமுடையவரின் படத்துடன் கூடியது. 2015ஆம் ஆண்டு அச்சான இவ்வாய்வின்படி, அழகான ஆண்களுக்கு அழகற்ற ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அழைப்புகள் வந்தன. பெண்களைப் பொறுத்தவரை முடிவு வேறாக இருந்தது. படத்தை இணைக்காத பெண்களுக்கே கூடுதல் அழைப்புகள் வந்தன. அழகான தோற்றம் அவர்களுக்கு எந்த நன்மையையும் தரவில்லை.

பெண்களுக்கு அழகு எப்போதும் உதவுவதில்லை என்பதை மேட்லின் ஹைல்மன், லோயிஸ் சருவட்டாரி ஆகியோர் 1979ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். அவர்களுடைய ஆய்வில், அழகான தோற்றம் ஆண்களுக்கு எல்லாப் பணிகளிலும் உதவியது. பெண்களுக்கோ எழுத்தர் நிலைப் பணிகளில் உதவியது. மேலாளர் பணிகளில் தடையாக அமைந்தது. மேலாளர் பணி ஆண்களுக்கு உரியது என்ற எண்ணமும், அழகான பெண் கூடுதலாகப் 'பெண் தன்மை' உடையவர் என்ற எண்ணமும் சேர்ந்து இவ்விளைவைத் தோற்றுவிப்பதாக அவர்கள் விளக்கினர்.

இவ்வாறான பல ஆய்வுகளை ஒருங்கிணைத்து மெகுமி ஹொசோடாவும் சக ஆய்வாளர்களும் 2003ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். மாணவர்களைப் போலவே, ஆட்சேர்ப்பில் அனுபவம் உள்ளவர்களும் இச்சார்புக்கு ஆளாகின்றனர் என அத்தொகுப்பாய்வு காட்டியது. பழைய ஆய்வுகளைவிடப் பிற்கால ஆய்வுகளில் சார்பின் அளவு குறைந்து காணப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வருமானத்தில் விளைவு

வேலைக்கான தேர்வில் தொடங்கும் வேறுபாடு ஊதியத்திலும் காணப்படுகிறது. டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் ஆகிய பொருளியலாளர்கள் 1994ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை ஆராய்ந்தனர். அழகற்றவர்களாக மதிப்பிடப்பட்டோர் சராசரித் தோற்றமுடையோரைவிடக் குறைவாகவும், அழகானவர்கள் அவர்களைவிடக் கூடுதலாகவும் ஊதியம் பெற்றனர். அழகின்மைக்கான இழப்பு 5 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. இது அழகுக்கான ஆதாயத்தைவிடச் சற்றுக் கூடுதலாகும்.

அழகானவர்கள் உண்மையிலேயே கூடுதல் திறமை உடையவர்களா என்ற வினாவுக்கு மார்க்கஸ் மோபியஸ், தான்யா ரோசன்பிளாட் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு விடை தேடியது. அர்கெந்தீனாவில் மாணவர்களைக் கொண்டு, 'பணியாளர்', 'முதலாளி' என்ற இரு பிரிவுகளுடன் ஒரு செயற்கை வேலைச் சந்தை அமைக்கப்பட்டது. புதிர்ப்பாதைகளைக் கண்டறிவதே பணி. அப்பணியில் அழகானவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செயற்படவில்லை. ஆயினும் முதலாளிகள் அவர்களிடம் கூடுதலாக எதிர்பார்த்தனர். அழகானவர்களின் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. முகம் தெரியாத தொலைபேசி நேர்முகத்திலும் அவர்களுக்குச் சற்று ஆதாயம் கிடைத்தது. அவர்களின் பேச்சுத் திறன் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எனவே, முகத்தை மறைப்பதால் மட்டும் சார்பு முழுமையாக நீங்கிவிடுவதில்லை.

அபர்கிராம்பி அண்டு ஃபிட்ச் வழக்கு

தோற்றம் வெளிப்படையாகவே மதிப்பெண்ணாக்கப்பட்டதற்கு அமெரிக்க ஆடை விற்பனை நிறுவனமான அபர்கிராம்பி அண்டு ஃபிட்ச் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். அந்நிறுவனம் தன் கடைப் பணியாளர்களை 'மாடல்கள்' என்றே அழைத்தது. அவர்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை வரையறுக்கும் 'தோற்றக் கொள்கை' ஒன்றையும் வைத்திருந்தது. வெள்ளையினத்தவர் அல்லாதோரும் பெண்களும் பாகுபாட்டுக்கு உள்ளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், அந்நிறுவனம் 2004ஆம் ஆண்டு 4 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டு இணக்கத்திற்கு வந்தது.

2008ஆம் ஆண்டு, ஓக்லகோமா மாநிலத்தின் துல்சா நகரில் உள்ள அந்நிறுவனக் கடை ஒன்றில் சமந்தா இலாஃப் என்ற 17 வயதுப் பெண் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். இசுலாமியரான அவர் தலைத்துணி அணிந்திருந்தார். தேர்வை நடத்திய கடை அலுவலர், வழக்கமான மதிப்பீட்டு முறைப்படி வேலைக்குத் தகுதியான மதிப்பெண்ணையே அவருக்கு வழங்கினார். தலைத்துணி தோற்றக் கொள்கைக்கு முரணானது என மேலதிகாரி கூறியதால் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது.

அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அவர் சார்பில் வழக்குத் தொடர்ந்தது. தமக்குச் சமய விலக்கு வேண்டும் என விண்ணப்பதாரர் கேட்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. 2015 சூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அவ்வாதத்தை நிராகரித்தது. சமய நடைமுறைக்கு இடமளிப்பதைத் தவிர்க்கும் நோக்கம் வேலை மறுப்புக்கு ஒரு காரணமாக இருந்தாலே 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் மீறப்படுகிறது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னர், உடல்வாகு அல்லது அழகின் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது.

இவ்வழக்கு சட்டத்தின் எல்லையையும் காட்டுகிறது. இலாஃபுக்குப் பாதுகாப்பு அளித்தது சமயம் பற்றிய சட்டப் பிரிவு ஆகும். அதே கடையில் 'அழகு போதவில்லை' என்று மட்டும் கூறி ஒருவர் மறுக்கப்பட்டிருந்தால், அமெரிக்க நடுவண் சட்டத்தின் கீழ் அவருக்குப் பாதுகாப்பு இருந்திருக்காது.

பல நாடுகளின் சட்டங்கள்

தோற்றத்தை நேரடியாகக் குறிப்பிடும் சட்டங்கள் சில இடங்களிலேயே உள்ளன.

ஐக்கிய அமெரிக்கா: மிச்சிகன் மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் உயரம், எடை ஆகியவற்றின் அடிப்படையிலான வேலைப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தலைநகர் வாசிங்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் 'தனிநபர் தோற்றம்' என்பதையும் சேர்த்துள்ளது. கலிபோர்னியா 2019இல், முடியின் தன்மை, முடி அலங்காரம் ஆகியவற்றின் பேரில் காட்டப்படும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. நியூயார்க் நகரம் 2023இல் உயரம், எடை ஆகியவற்றைத் தன் சட்டத்தில் சேர்த்தது.

பிரான்சு: 2001ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மூலம் 'உடல் தோற்றம்' பாகுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஆத்திரேலியா: விக்டோரியா மாநிலத்தின் 1995ஆம் ஆண்டுச் சம வாய்ப்புச் சட்டம் 'உடற்கூறுகள்' என்னும் அடிப்படையைச் சேர்த்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

ஐக்கிய இராச்சியம்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், கடுமையான உருச்சிதைவை மாற்றுத்திறனாகக் கருதிப் பாதுகாப்பு வழங்குகிறது.

தென்கொரியா: விண்ணப்பத்தில் ஒளிப்படம் ஒட்டும் வழக்கம் வேரூன்றிய நாடு இது. 2017இல் பொதுத்துறை நிறுவனங்களில், தனிப்பட்ட விவரங்களை மறைத்து ஆளெடுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட ஆட்சேர்ப்புச் சட்டம், பணிக்குத் தொடர்பில்லாத தோற்றம், உயரம், எடை போன்ற விவரங்களை விண்ணப்பதாரரிடம் கேட்பதைத் தடை செய்கிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். மீறுவோருக்கு 50 இலட்சம் வொன் வரை தண்டத்தொகை விதிக்கலாம்.

இந்தியாவில்

இந்திய அரசியலமைப்பின் 16ஆவது உறுப்பு, அரசுப் பணியில் சமயம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இப்பட்டியலில் தோற்றம் இடம்பெறவில்லை. தனியார் நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு இவ்வுறுப்பின் வரம்புக்குள் வருவதும் இல்லை.

இந்தியாவில் தோற்றச் சார்பு, தோல் நிறத்துடன் நெருங்கிய தொடர்புடையது. வெள்ளை நிறமே வேலையையும் வெற்றியையும் பெற்றுத்தரும் என்னும் கருத்தை முகப்பூச்சு விளம்பரங்கள் நெடுங்காலம் பரப்பின. கருத்த நிறமுடையோரை வேலை கிடைப்பதிலும் பதவி உயர்விலும் பின்தங்கியவர்களாகச் சித்திரிக்கக் கூடாது என இந்திய விளம்பரத் தர மன்றம் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் முகப்பூச்சின் பெயரில் இருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் 2020ஆம் ஆண்டு நீக்கப்பட்டது.

அமில வீச்சுக்கு உள்ளானோர் நேர்முகத் தேர்வில் எதிர்கொள்ளும் இடர் மிகக் கடுமையானது. அவர்களுள் பலருக்கு வேலை செய்யும் ஆற்றலில் குறைவு இல்லாதபோதும், முகமே தடையாகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இவர்களைத் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீட்டில் இவர்களும் அடங்குவர். இவர்களே நடத்தும் 'சீரோஸ் ஹேங்அவுட்' என்னும் சிற்றுண்டிச்சாலை 2014இல் ஆக்ராவில் தொடங்கப்பட்டது. முகத்தை மறைத்து உள்ளறையில் பணியாற்றுவதற்கு மாறாக, வாடிக்கையாளர் முன் நின்று பணியாற்றுவது இதன் சிறப்பாகும்.

நடுவண் அரசு, 2016 சனவரி 1 முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கியது. முறைகேடுகளைத் தடுப்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். எனினும் எழுத்துத் தேர்வையும் திறன் தேர்வையும் மட்டும் கொண்டு ஆளெடுப்பது, தோற்றச் சார்புக்கான வாய்ப்பையும் குறைக்கிறது.

சார்பைக் குறைக்கும் முறைகள்

கட்டமைக்கப்பட்ட நேர்முகம்

எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே வினாக்களை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் முன்பே வகுக்கப்பட்ட அளவுகோலின்படி உடனுக்குடன் மதிப்பெண் வழங்குவது கட்டமைக்கப்பட்ட நேர்முகம் எனப்படும். நேர்முகம் முடிந்த பின்னர் ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பெண் வழங்கும்போது, நினைவில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் தோற்றமும் முதற்பதிவும் ஆகும். விடைக்கு விடை மதிப்பெண் வழங்கும்போது அதற்கான வாய்ப்புக் குறைகிறது.

இம்முறை நியாயமானதாக இருப்பதோடு பயனுள்ளதாகவும் உள்ளது. பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகியோர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, நேர்முக மதிப்பெண்ணுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு, கட்டமைக்கப்பட்ட நேர்முகத்தில் 0.51 ஆகவும், கட்டமைக்கப்படாததில் 0.38 ஆகவும் இருந்தது. பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022இல் இக்கணக்கீடுகளைத் திருத்தி முறையே 0.42, 0.19 என வெளியிட்டனர். அதாவது, இயல்பான உரையாடல் போல நடத்தப்படும் நேர்முகம், நல்ல பணியாளரைக் கண்டறிவதில் முன்னர் எண்ணியதைவிடவும் பலவீனமானது.

மறைத்துத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்க இசைக்குழுக்கள் பல, 1970கள், 1980களில் இசைக்கலைஞர் தேர்வின்போது கலைஞருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை ஒன்றைத் தொங்கவிடத் தொடங்கின. காலணி ஒலி ஆணா பெண்ணா எனக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தரையில் கம்பளமும் விரிக்கப்பட்டது. முன்னணி ஐந்து இசைக்குழுக்களில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள், 1990களின் பிற்பகுதியில் 25 விழுக்காடாகினர். இவ்வுயர்வில் திரைக்கும் பங்கு உண்டு என, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும், சிசிலியா ரௌசும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் கூறினர். அவர்களது புள்ளியியல் முடிவுகளின் உறுதி பின்னர் விவாதத்திற்கு உள்ளாகியுள்ளது. ஆயினும், மதிப்பிட வேண்டியது இசை என்றால் இசையை மட்டும் கேட்டால் போதும் என்னும் கொள்கைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

எழுத்து வேலைக்கு எழுத்து மாதிரி, நிரலாக்கத்திற்கு நிரல் என, முகம் காணும் முன்னரே பணி மாதிரியைச் சோதித்து மதிப்பெண் வழங்குவது இதே கொள்கையைப் பின்பற்றுவதாகும். விண்ணப்பத்தில் ஒளிப்படம் கேட்காதிருப்பது இதன் எளிய வடிவம்.

காணொளியும் கணினியும்

பதிவு செய்யப்பட்ட நேர்முகங்களைக் கணினி நிரல்கள் மதிப்பிடும் முறை 2010களில் பரவியது. மனிதரின் சார்பை இது நீக்கும் எனச் சிலர் கருதினர். ஆனால் மனிதர்களின் பழைய முடிவுகளைக் கொண்டு பயிற்றப்படும் நிரல், அவர்களின் சார்பையும் சேர்த்தே கற்றுக்கொள்ளக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலம், இத்தகைய மதிப்பீடு செய்யப்படுவதை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவித்து இசைவு பெற வேண்டும் என 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் விதித்தது. இத்துறையில் முன்னணியில் உள்ள அயர்வியூ நிறுவனம், முகத்தோற்றத்தைப் பகுப்பாய்வு செய்வதைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது.

மாற்றுக் கருத்துகள்

தோற்றத்தைச் சட்டத்தால் பாதுகாப்பது குறித்து ஒத்த கருத்து இல்லை. அழகு என்பது பார்ப்பவரைப் பொறுத்தது; எனவே யார் பாதிக்கப்பட்டார் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம் என்பது ஒரு வாதம். தம்மை 'அழகற்றவர்' என்று பொதுவில் அறிவித்து வழக்குத் தொடுக்கப் பலர் தயங்குவர் என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது. வாடிக்கையாளரின் விருப்பத்திற்கு ஏற்பவே தாம் தேர்ந்தெடுப்பதாகச் சில நிறுவனங்கள் வாதிடுகின்றன. இதே வாதம் முற்காலத்தில் இனப் பாகுபாட்டை நியாயப்படுத்தவும் பயன்படுத்தப்பட்டது என்பது இதற்கு அளிக்கப்படும் மறுமொழி ஆகும்.

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் உடை, நிமிர்ந்த உடல்நிலை, புன்னகை ஆகியவற்றைப் பற்றியே அமைகின்றன. தனி ஒருவருக்கு அவை பயன்படலாம். ஆனால் சார்பைச் சரிசெய்யும் பொறுப்பை அவை தேர்வாளரிடம் இருந்து விண்ணப்பதாரருக்கு மாற்றிவிடுகின்றன. முகத்தில் தழும்புள்ள ஒருவரால் அதனைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் செல்ல இயலாது. கேட்கப்படும் வினாக்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் மாற்றுவது தேர்வாளருக்கு இயலக்கூடியதே.

இவற்றையும் பார்க்கவும்

ஒளிவட்ட விளைவு
நிறப் பாகுபாடு
பாலினப் பாகுபாடு
உறுதிப்படுத்தல் சார்பு
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016